கடலும் இரும்பும் ஒரு துண்டுத் துத்தநாகமும்

1822இல் கொச்சியில் ஒரு போர்க்கப்பல் கடலில் இறங்கியது. பெயர் சமராங். 28 பீரங்கிகள் தாங்கும்படி பிரிட்டிஷ் கடற்படைக்காகத் தேக்கில் கட்டிய கப்பல். அரிப்பியல் படிப்பவர்களுக்கு அந்தப் பெயர் இன்றும் தெரிந்திருக்கிறது என்றால் அதற்குப் பீரங்கிகள் காரணமல்ல. அதன் அடிப்பாகத்தில் 1824இல் பொருத்திய சில இரும்புத் துண்டுகள்தான் காரணம். இன்று கடலடியில் நிற்கும் எண்ணெய் மேடை முதல் துறைமுகத்து எஃகுத் தூண் வரை துருவிலிருந்து காக்கும் முறை அந்தத் துண்டுகளில் தொடங்கியது. தொடங்கிய வேகத்திலேயே அது கைவிடப்பட்டது என்பதுதான் இந்த வரலாற்றின் வேடிக்கை.

மரக்கப்பல் காலத்தில் கடற்படைகளின் தலைவலி துரு அல்ல, புழு. வெப்பக் கடல்களில் நிற்கும் கப்பலின் அடிப்பலகையைக் கப்பல் புழு துளைத்துத் தள்ளிவிடும். போதாக்குறைக்குப் பாசியும் கொட்டலசும் படர்ந்து வேகத்தைப் பிடித்து இழுக்கும். இதற்குத் தீர்வாக 1761இல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற கப்பலின் அடியில் மெல்லிய செம்புத் தகடுகளை அறைந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிப் பார்த்தது. கப்பல் திரும்பி வந்ததும் 1763இல் சோதித்தார்கள். பலகையில் புழு இல்லை. செம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. ஆனால் தகடுகளைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்து கூழாகிக் கிடந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பித்திருந்தன. காரணம் தேடியபோது, செம்புத் தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழிக்கப்படாமல் தகட்டுக்கும் ஆணிக்கும் இடையே நின்றிருப்பது தெரிந்தது. செம்பும் இரும்பும் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டால் இரும்பு சாகும், இடையில் ஒரு காகிதம் இருந்தால் பிழைக்கும். ஏன் என்று சொல்ல அப்போது ஆளில்லை. மின்கலத்தை வோல்ட்டா செய்துகாட்டியதே 1800இல்தான்.

கடற்படை இரும்பு ஆணிகளை விட்டுவிட்டுச் செம்புக் கலவை ஆணிகளுக்கு மாறியது. அத்துடன் சிக்கல் தீரவில்லை. செம்பும் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. தகடு மாற்றும் செலவு ஏறிக்கொண்டே போனது. 1823இல் கடற்படை நிர்வாகம் இலண்டன் ராயல் சொசைட்டியிடம் யோசனை கேட்டது. அப்போது அதன் தலைவர் ஹம்ஃப்ரி டேவி. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மின்னாற்றலால் பிரித்தெடுத்தவர், சுரங்கத் தொழிலாளருக்கான பாதுகாப்பு விளக்கைச் செய்தவர். ஐரோப்பா முழுக்க அறிந்த பெயர் அது. சோதனைகளில் உடனிருந்து உதவியவர் மைக்கேல் ஃபாரடே.

டேவியின் யோசனை எளிது. கடல்நீரில் செம்பு கரைவது ஒரு மின்வேதிச் செயல். அப்படியானால் அதை மின்வேதியாலேயே நிறுத்தலாம். செம்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம் ஒன்றைச் செம்போடு ஒட்டிவைத்தால், கரைகிற வேலையை அந்த உலோகம் ஏற்றுக்கொள்ளும். 1824 ஜனவரியில் ராயல் சொசைட்டியில் அவர் படித்த கட்டுரையில், பட்டாணி அளவுத் துத்தநாகமே 40, 50 சதுர அங்குலச் செம்பைக் காக்கப் போதும் என்றார். தொடர்ந்த சோதனைகளில் கணக்கு இன்னும் தெளிவானது. காக்கும் உலோகத்தின் பரப்பு செம்பின் பரப்பில் 40இல் ஒரு பங்கிலிருந்து 150இல் ஒரு பங்குவரை இருந்தால் செம்பு சிறிதும் கரையவில்லை. 200இல் ஒரு பங்குக்குக் கீழே போனால் கரையத் தொடங்கியது. துத்தநாகத்தைவிட வார்ப்பிரும்பு மலிவு. அதுவே போதும் என்றும் கண்டார். அலார்ம் கப்பலில் இரும்பைக் கொன்ற அதே உறவை அவர் திருப்பிப் பிடித்தார். செம்பு பிழைக்க இரும்பு சாகட்டும்.

சமராங் கப்பலில் அந்த வார்ப்பிரும்புத் துண்டுகள் ஏறின. கப்பல் வட அமெரிக்காவின் நோவா ஸ்கோஷியாவரை போய் 1825 ஜனவரியில் திரும்பியது. செம்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. டேவியே 1824 கோடையில் காமெட் என்ற நீராவிக் கப்பலில் ஸ்காண்டிநேவியக் கரைக்குப் போய், ஓடும் கப்பலிலும் தம் முறை வேலை செய்கிறதா என்று பார்த்து வந்தார். ஆய்வகத்துக் கணக்கு கடலிலும் பலித்துவிட்டது. கடற்படை மேலும் பல கப்பல்களுக்கு இந்தக் காப்பைப் பொருத்தியது.

பிறகுதான் கொட்டலசு வந்தது.

காப்பு பொருத்திய கப்பல்கள் மந்தமாக ஓடுவதாகப் புகார்கள் எழுந்தன. உலர்துறையில் ஏற்றிப் பார்த்தால் அடிப்பாகமெங்கும் பாசியும் சிப்பியும் கொட்டலசும் தடித்துப் படர்ந்திருந்தன. செம்பு தன்மேல் எதையும் ஒட்டவிடாததற்குக் காரணம் அது சிறுகச் சிறுகக் கரைந்து தண்ணீரில் கலந்த நஞ்சு. டேவி அந்தக் கரைவை நிறுத்தியதும் நஞ்சும் நின்றுபோயிற்று. சோதனை தோற்கவில்லை, அளவுக்கு மீறி வென்றுவிட்டது. செம்பைக் காப்பதற்காகக் கப்பலின் வேகத்தை இழக்க எந்தக் கடற்படைத் தளபதி ஒப்புவார்? 1825இலேயே கடலோடும் கப்பல்களிலிருந்து காப்புகளைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஏளனமும் வந்தது. உலகப் புகழ்பெற்ற வேதியியலாளர் ஒருவருக்கு அது கசப்பான முடிவு. டேவி 1829இல் ஜெனீவாவில் இறந்தார். அவர் கண்டுபிடித்த காப்பு அதன்பிறகு நெடுங்காலம் ஓரத்தில் கிடந்தது.

இடைப்பட்ட காலத்தில் உலகம் மரத்திலிருந்து இரும்புக்கு மாறியது. மாறியதும் கேள்வியே வேறாயிற்று. இரும்புக் கப்பலுக்கு நேரடியாகச் செம்பு போர்த்த முடியாது. அலார்ம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆக, நஞ்சு கலந்த பூச்சுகளும் அடிக்கடி சுரண்டிப் பூசுவதுமே வழி. ராபர்ட் மாலட் என்ற அயர்லாந்துப் பொறியாளர் 1838 முதல் டப்ளினுக்கு அருகே கிங்ஸ்டவுன் துறைமுகத்தில் பலவகை இரும்புத் துண்டுகளைக் கடலில் மூழ்கவிட்டு, எது எவ்வளவு கரைகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்து அறிக்கை எழுதினார். துருவை வெறும் விதி என்று விடாமல் அளந்து பார்த்த முதல் பெருமுயற்சிகளில் அது ஒன்று. 1837இல் பிரான்சில் சோரெல் இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் வீட்டு ஜிஐ குழாய் அந்த வழிவந்தது.

அதே ஆண்டுகளில் கடலுக்குள் இரும்புக்கால் ஊன்றும் தொழிலும் வளர்ந்தது. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த அலெக்சாண்டர் மிட்செல், கண்பார்வை இல்லாத பொறியாளர், நுனியில் திருகுடைய இரும்புத் தூணைக் கடலடி மணலில் முறுக்கி இறக்கும் முறையை 1833இல் காப்புரிமை செய்தார். அந்தத் திருகுத் தூண்கள் உலகமெங்கும் கலங்கரை விளக்கங்களையும் பாலத்துறைகளையும் தாங்கின. துறைமுகம் இல்லாத சென்னையில், மசூலா படகுகளில் அலையோடு மல்லுக்கட்டிச் சரக்கிறக்கும் அவதியைக் குறைக்க 1860களின் தொடக்கத்தில் எழுந்த இரும்புப் பாலத்துறையும் திருகுத் தூண் வகைதான். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு கட்டிய இரும்புத்துறை 1866இல் திறக்கப்பட்டு 1952 புயலில் சரிந்தது. அதன் தூண்களின் மிச்சங்கள் காந்தி சிலைக்கு எதிரே கடலில் நெடுங்காலம் தலைநீட்டிக்கொண்டிருந்தன. புயல் தள்ளியது என்று எழுதிவிடுவது எளிது. எண்பத்தாறு ஆண்டுகள் கடல் தின்ற இரும்பைத் தள்ள எவ்வளவு புயல் வேண்டும் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கடலில் நிற்கும் தூண் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் துருப்பிடிப்பதில்லை. இதை நுணுக்கமாக அளந்து காட்டியவை, அமெரிக்காவின் வட கரோலினாவில் கூரே கடற்கரையில் நிக்கல் நிறுவனம் ஒன்று 1930களில் தொடங்கிய சோதனைக் களத்தில் நடந்த ஆய்வுகள். எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதியில் காப்பற்ற எஃகு ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் கரையும். ஓதம் ஏறி இறங்கும் பகுதியில் மோசமாக இருக்கும் என்று எவரும் நினைப்பார்கள். அங்கே அரிப்பு குறைவு. காற்று பட்டு ஆக்சிஜன் நிறைந்த அந்தப் பகுதி, தனக்குச் சற்றுக் கீழே மூழ்கிக் கிடக்கும் எஃகைப் பலிகொடுத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஒரே தூணின் இரண்டு முழங்கள் செம்பும் இரும்பும்போல் நடந்துகொள்கின்றன. உண்மையான நரகம் அதற்கும் மேலே, அலை தெறிக்கும் பகுதியில் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து மடங்குவரை வேகமான அரிப்பு அங்கேதான். எப்போதும் ஈரம், தாராளமாகக் காற்று, வெயிலில் காய்ந்து காய்ந்து கெட்டிப்படும் உப்பு, படிந்த துருவையும் உதிர்த்துவிடும் அலையடி. நான்கும் ஒரே இடத்தில். அதே கடற்கரையில் இன்னொன்றும் தெரிந்தது. நீரோரத்திலிருந்து 25 மீட்டரில் வைத்த எஃகுத் தகடு, 250 மீட்டரில் வைத்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக அரித்தது.

டேவியின் மருந்து திரும்பி வந்தது தரைவழியாக. 1928இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் கூன் மண்ணுக்கடியில் ஓடும் எரிவாயுக் குழாய்க்கு, பலி உலோகத்துக்குப் பதில் வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்துத் துருவை நிறுத்திக் காட்டினார். எஃகின் மின்னழுத்தத்தைச் செம்பு–செம்பு சல்ஃபேட் அளவுகோலில் கழித்தல் 0.85 வோல்ட்டுக்குக் கொண்டுபோனால் அரிப்பு நிற்கும் என்று அவர் சொன்ன கணக்கை இன்றும் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். 1947இல் லூயிசியானாவுக்குத் தெற்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் கெர்மக் 16 மேடையிலிருந்து எண்ணெய் கிடைத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் மெக்சிகோ வளைகுடா, வட கடல், வளைகுடா நாடுகள் என்று எங்கும் எஃகுக் கால்கள் கடலில் இறங்கின.

அந்தக் கால்களைக் காக்க டேவியின் முறை வந்தபோதுதான் அவருக்கு நியாயம் கிடைத்தது எனலாம். மேடை எங்கேயும் போவதில்லை. அதன் காலில் கொட்டலசு ஒட்டினால் அலை சற்றுக் கூடுதலாக மோதும். அந்தச் சுமையையும் கணக்கில் சேர்த்தே வடிவமைத்துவிடுவார்கள். கப்பல்களில் அந்த முறையைக் கவிழ்த்த குறை, ஓரிடத்தில் நிற்கும் கட்டுமானத்துக்கு ஒரு பொருட்டில்லாமல் போயிற்று. இன்னொரு வரவும் கிடைத்தது. மின்னோட்டம் பாய்ந்த எஃகின்மேல் கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சுண்ணாம்புப் படலமாகப் படிகின்றன. படலம் தடிக்கத் தடிக்கத் தேவையான மின்னோட்டம் குறைகிறது. கடலே ஒரு பூச்சுப் பூசிக் கொடுக்கிறது.

பலிகொடுக்கும் உலோகமும் மாறியது. துத்தநாகத்தைவிட அலுமினியம் சிக்கனம். ஒரு கிலோ அலுமினியம் தரும் மின்னூட்டம் துத்தநாகத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் தூய அலுமினியம் தன்மேல் ஆக்சைடு போர்த்திக்கொண்டு கரைய மறுக்கும் பிடிவாதக்காரன். முதலில் சிறிது பாதரசம் கலந்து அதைக் கரையவைத்தார்கள். கடல் நஞ்சாகும் என்ற கவலையில் அதைக் கைவிட்டு, துத்தநாகத்தோடு சிட்டிகை அளவு இண்டியம் கலக்கும் முறைக்கு வந்தார்கள். 1976இல் மும்பைக்கு அப்பால் கடலிலுள்ள பாம்பே ஹையில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியதும் இந்தியாவும் இந்தக் கணக்குகளுக்குள் வந்தது.

இதெல்லாம் நீருக்குள். மின்னோட்டம் போக நீர் வேண்டும். அலை தெறிக்கும் பகுதியிலும் அதற்கு மேலே காற்றிலும் தொடர்ச்சியான நீர் இல்லை; ஆகவே அங்கே துத்தநாகத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டாலும் பயனில்லை. மேடைகட்டிகள் அந்தப் பகுதிக்கு எஃகைக் கூடுதல் தடிமனில் வைத்தார்கள்; நிக்கலும் செம்பும் கலந்த மோனெல் தகட்டைச் சுற்றி மூடினார்கள். கப்பலுக்குச் செம்பு போர்த்திய 18ஆம் நூற்றாண்டுப் பழக்கம் வேறு உருவில் திரும்பியது. அதற்கும் மேலே பெயிண்ட் ஒன்றுதான் கதி. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்தில் ஒரு முனையில் பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் மறுமுனையில் மீண்டும் தொடங்க வேண்டும் என்று ஊர்ப்பேச்சாக ஒரு கதை உண்டு. 1890இல் திறந்த அந்தப் பாலத்தை 2002 முதல் 2011வரை அடி உலோகம்வரை சுரண்டி, கண்ணாடிச் செதில் கலந்த எபாக்சி பூசினார்கள். அது வட கடல் எண்ணெய் மேடைகளுக்கென்று உருவான பூச்சு.

பாம்பன் பாலத்தின் துயரம் முழுக்க இந்தக் காற்றுவெளித் துயரம்தான். 1911இல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரி 24இல் திறந்த அந்த ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 145 எஃகு கர்டர்கள், நடுவே கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிளந்து எழும் ஷெர்சர் தூக்கு. எழும்பூரில் ஏறியவர் போட் மெயிலில் தனுஷ்கோடிவரை வந்து, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் போவார். தூண்கள் கல்லும் கான்கிரீட்டும். எனவே நீருக்குள் காக்க எஃகு இல்லை. எஃகு முழுவதும் அலைக்கு மேலே, காற்றில். அந்தக் காற்றோ ஓயாத காற்று. வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணையின் உப்பைக் கொண்டுவந்து பூசும். தென்மேற்கில் மன்னார் வளைகுடாவின் உப்பை. மழையே பெய்யாத நாளிலும், படிந்த உப்பு இரவின் ஈரத்தை உறிஞ்சி எஃகை நனைத்து வைக்கும். அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்து உலகில் அதிகம் அரிக்கும் இடம் பாம்பன் என்று செய்தித்தாள்கள் சளைக்காமல் எழுதுகின்றன. யார் எப்போது அளந்து தந்த வரிசை அது என்று கேட்பார் இல்லை. வரிசை எதுவானாலும் உப்பு உண்மை.

1964 டிசம்பர் புயலில் 126 கர்டர்கள் கடலுக்குள் போயின. ஷெர்சர் தூக்கு நின்றது. கடலுக்குள் கிடந்த கர்டர்களை மீனவர்கள் உதவியுடன் தேடியெடுத்து, 46 நாளில் பாலத்தை மீட்ட இளம் பொறியாளர் ஸ்ரீதரனின் பெயர் பிற்பாடு டெல்லி மெட்ரோவால் நாடறிந்தது. அந்த 46 நாளைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் நூறாண்டுக் காலம் காற்றில் தொங்கிக்கொண்டு, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்த ஆட்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. பாலத்தை நிறுத்திவைத்தது பெரும்பாலும் அவர்கள்தான்.

அருகிலேயே அறிவியலும் இருந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாட்டின் பல ஊர்களில் உலோகத் தகடுகளைக் காற்றில் நிறுத்தி எடை குறைவதை அளந்து, இந்தியாவின் அரிப்பு வரைபடத்தைத் தயாரித்தது அந்த ஆய்வகம். பாம்பனுக்கு எதிர்க்கரையான மண்டபத்தில் அதன் சோதனைக் களம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கடல் மின்வேதியியலுக்கென்று ஒரு மையம். பாலத்தைக் கடிக்கும் அதே காற்றில் தகடுகளைக் காயவைத்து அளக்கும் வசதி வேறெந்தப் பாலத்துக்கும் எளிதில் வாய்க்காது.

பழைய பாலம் 2018 டிசம்பரில் தூக்குப் பகுதிக் கோளாறால் சில மாதங்கள் மூடப்பட்டது. பிறகு ரயில்கள் ஊர்ந்தே போயின. சென்னை ஐஐடி பொருத்திய உணரிகள் எஃகின் அதிர்வைக் கவனித்துக்கொண்டிருந்தன. 2022 டிசம்பர் 23இல் தூக்குப் பகுதியின் நிலை மோசமென்று ரயில் போக்குவரத்து அடியோடு நின்றது. 1964 புயல் அசைக்காத பகுதியைத்தான் கடைசியில் துரு வென்றது.

2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலம் பழையதைவிட 3 மீட்டர் உயரம். நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி இரண்டு கோபுரங்களுக்கிடையே நேராக மேலே எழும். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. இணைப்புகள் ரிவெட் இல்லாமல் முழுக்க வெல்டிங். இது வெறும் அழகுக்காக இல்லை: ரிவெட் வைத்த பழைய கர்டரில் இரு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடுக்குகளில்தான் உப்பு ஈரம் தங்கும், பிரஷ் போகாது. எஃகின்மேல் பாலிசிலாக்சேன் வகைப் பூச்சு. இந்தப் பூச்சு பராமரிப்பே இல்லாமல் 38 ஆண்டு தாங்கும், சிறிதளவு பராமரித்தால் 58 ஆண்டு என்பது ரயில்வே தரப்பு சொல்லும் கணக்கு. பாலத்தைச் சோதித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் 2024 நவம்பர் அறிக்கை, போக்குவரத்துக்கு வேக வரம்புடன் அனுமதி கொடுத்தபோதே, அரிப்புக்கு எதிரான ஏற்பாடுகள் போதுமா என்ற கேள்வியையும் எழுப்பியிருந்தது. 38 ஆண்டு முடிவது 2063இல். அதுவரை ஒருவரும் பிரஷ் எடுத்துக்கொண்டு மேலே ஏற வேண்டியதில்லை என்பது மண்டபத்துக் காற்றை அறிந்தவர்கள் சட்டென்று ஒப்புக்கொள்ளக்கூடிய கணக்கல்ல.